கலக்கியவர் கையொப்பம்

தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பால்மாவு டப்பாவின் மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மாவைக் கலக்கும் முறையைச் சரியாகச் சொல்ல வேண்டும். தவறாகக் கலக்கினால் என்ன கேடு வரும் என்றும் சொல்ல வேண்டும். இது நம் நாட்டுச் சட்டம். நல்ல சட்டம். எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். சட்டங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது எனக்கு வழக்கமில்லை. இதைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தச் சட்டம் எதிர்பார்க்காத ஒன்றும் உண்டு. மாவைக் கலக்கப் போகிறவர், பிறருடைய அளவுகளைச் சந்தேகப்பட்டே வாழ்நாள் முழுவதும் சம்பளம் வாங்கியவராக இருந்தால் என்ன செய்வது? அதற்கு அதில் பிரிவு கிடையாது. இருந்திருந்தால் மலையாள மண்ணில், ஸ்ரீவராகத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை மூன்று வாரம் அழாமல் இருந்திருக்கும்.

அந்தக் குழந்தையின் அம்மா என் தம்பி மகள். பதினோராவது வயதில், தம்பியும் அவன் மனைவியும் ஒரே விபத்தில் போன பிறகு, ஒரு பெட்டியோடும் பள்ளி மாற்றுச் சான்றிதழோடும் என்னிடம் வந்து சேர்ந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். இருந்தாலும் பதினோரு வயதுப் பெண்ணை வளர்ப்பதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது: பள்ளிக்கூடம், பஸ் பாஸ், தடுப்பூசி அட்டை, பெற்றோர் கூட்டம். எல்லாவற்றிலும் 'காப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் படித்தாள், ஐ.டி. கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்குப் போனாள். பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை என்று அவள் விளக்கியபோது, எங்கள் குடும்பத் தொழிலை விட்டு வெளியே போகவில்லை என்று நிம்மதி அடைந்தேன்.

விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் இஞ்சினீயராக இருக்கும் திருநெல்வேலிப் பையன் ஒருவனை அவளே தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் தெருவில் சிலருக்கு ஆட்சேபம் இருந்தது. எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டேன். யாரும் தெரிவிக்கவில்லை.

தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். தாய் வீடு நான்தான். மாசிக் கடைசியில் அறுவை சிகிச்சை செய்து பெண் குழந்தை பிறந்தது. அம்மாவுக்குப் பால் போதவில்லை. முதலில் தாய்ப்பால், பிறகு போதாததற்குப் பால்மாவு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்றும் அவமானமில்லை. ஆனால் அவள் அதை வாங்கிப் படித்த விதம், வேலையிலிருந்து நீக்கும் உத்தரவைப் படிப்பது போல இருந்தது.

"ஊர்ல எல்லாருக்கும் வரது. எனக்கு இதுகூட வரல்லே, அத்தை" என்றாள்.

ஆறுதல் சொல்வது எனக்கு நன்றாக வராது. ஆகவே நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். நேரம், எந்த டப்பா, எத்தனை மில்லி, ஏப்பம், கக்கல், நனைத்த நாப்கின், வெளிக்குப் போனது என்று பத்திகள். கக்கலுக்கு மூன்று வகை: சிறிது, நடுத்தரம், புடவை மாற்ற வேண்டியது. கடைசிப் பத்தி, 'கலக்கியவர் கையொப்பம்'.

"இது எதுக்கு அத்தை? வீட்டுல நீங்களும் நானும்தானே?" என்றாள் அவள்.

"இரண்டு பேர் இருந்தா இரண்டு கை. எந்தக் கை பண்ணினதுன்னு தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறேள்? மெமோ குடுப்பேளா?"

"தேவைப்பட்டா."

இந்த உரையாடலை நான் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை.

கலக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்குத் தையல் ஆறவில்லை, நிற்க முடியவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைப்பேன். முப்பது மில்லிக்கு ஒரு ஸ்கூப் என்று டப்பாவில் இருந்தது. அறுபது மில்லிக்கு இரண்டு. டப்பாவிலேயே கிடந்த சின்ன பிளாஸ்டிக் ஸ்கூப்பில் மாவை எடுத்து, மேஜை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியின் முதுகால் ஓர் அமுக்கு அமுக்கி, இறங்கிய இடத்தை மறுபடி நிரப்பி, கத்தியால் தலையை வழித்து விடுவேன். மேற்பரப்பு கண்ணாடி போல இருக்கும். மாவு சமதளமாக இருக்க வேண்டும் என்று டப்பா கேட்டது. அதைவிடச் சமதளம் இந்த மாவட்டத்தில் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

குழந்தை குடித்தது. பத்து நிமிடத்தில் முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு முகம் சிவக்க அழுதது. வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது. தோளில் போட்டுத் தட்டினால் ஓர் ஏப்பம், அதன் பின்னாலேயே என் முதுகு நனைய ஒரு கக்கல். முதல் வாரத்தில் கக்கல் பத்தியில் 'புடவை மாற்ற வேண்டியது' என்ற வகை மற்ற இரண்டையும் தோற்கடித்தது.

மருத்துவமனை கொடுத்தது நீல மூடி டப்பா. ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்தேன். பழவங்காடியில் எனக்குத் தெரிந்த மருந்துக்கடை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளிக்கும் என்னைத் தெரியும். சர்வீஸில் இருந்தபோது அவருடைய தராசை ஒருமுறை கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அலமாரி நிறையப் பால்மாவு இருந்தது. எதிலும் குழந்தைப் படம் இல்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்திருந்தார்கள். படத்தை எடுத்த இடத்தில் வர்ணனையை நிரப்பியிருந்தார்கள்: மென்மையானது, சுகமானது, எளிதில் செரிப்பது. பெண் பார்க்கும் படலத்தில் கேட்பது போலவே இருந்தது.

ஒரு மணி நேரம் நின்று ஒவ்வொரு டப்பாவின் பின்புறத்தையும் படித்துப் பட்டியல் எழுதினேன். எதில் புரதம் உடைக்கப்பட்டிருக்கிறது, எதில் பால் சர்க்கரை இல்லை, எதைக் கெட்டியாக்கியிருக்கிறார்கள் என்று. முதலாளி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பச்சை மூடி போட்ட ஒன்றின் பக்கம் கையை நீட்டினார்.

"மாடம், இது நல்லதாக்கும். கொறே பேர், நெறையப் பேர் கொண்டு போறாங்க."

"நீங்க இதைச் சிபாரிசு பண்ணக் கூடாது. சட்டம் இருக்கு."

"நான் எங்க சிபாரிசு பண்ணினேன்? கையை நீட்டினேன். கை அந்தப் பக்கம் போச்சு."

"கை போற பக்கத்துல கமிஷன் இருக்கோ?"

அவர் கல்லாவில் இருந்த பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மாடம் ரிட்டையர் ஆன அன்னிக்கு நம்ம கணபதிக்கு நூத்தியொரு தேங்காய் உடைச்சேன். எல்லாம் வெறுதே போச்சு, கேட்டோ."

என் பட்டியல்படியே வந்த முடிவும் பச்சை மூடிதான். அவர் சொன்னதற்காக வாங்கவில்லை என்பதை இரண்டு தடவை தெளிவுபடுத்திவிட்டு வாங்கினேன்.

பச்சை மூடி நான்கு நாள் ஓடியது. கக்கல் குறையவில்லை, உப்புசமும் குறையவில்லை. அடுத்து, பால் சர்க்கரை இல்லாத மஞ்சள் மூடி. அதுவும் அப்படியே. புதிதாக இன்னொன்றும் சேர்ந்தது: குழந்தை கல் போல வெளிக்குப் போக ஆரம்பித்தது. நனைத்த நாப்கின் எண்ணிக்கையும் இறங்கிக்கொண்டே வந்தது. மீன மாதம் பாதி போய்விட்டது, பங்குனி வெயில் அப்படி, அதனால்தான் என்று குறிப்பு எழுதினேன். அதிகாரி எழுதும் குறிப்புக்கு ஒரு குணம் உண்டு; எழுதி முடித்ததும் அவருக்கே அது உண்மையாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

குழந்தை மருத்துவர் இளம் பெண். மலையாளி, எங்களுக்காகத் தமிழில் பேசுவார். எடை பார்த்தார், வயிற்றைத் தட்டினார், என் நோட்டைப் புரட்டினார்.

"அம்மே, மூணு டின் மாத்திட்டீங்களா? இப்படி மாத்தி மாத்திக் கொடுக்க வேண்டா. பாவம், அது ஒண்ணுக்குப் பழகறதுக்குள்ள அடுத்தது வருது. முப்பது மில்லிக்கு எத்தனை ஸ்கூப்?"

"ஒண்ணு. லெவலா."

"கரெக்ட். குடிச்சதும் அரை மணி நேரம் நிமிர்த்திப் பிடிங்க. கொஞ்சமாக் கொடுங்க, நடுவுல ஏப்பம் எடுங்க. கொஞ்சம் கக்கறது சகஜம்தான். ஆனா யூரின் குறையறதும் மோஷன் இப்படி ஆகறதும் எனக்குப் பிடிக்கல்லே. ஒரு வாரம் பார்க்கலாம். சரியாகல்லேன்னா அட்மிட் பண்ணி பிளட் டெஸ்டும் ஸ்கானும் எடுக்கணும். இடையில பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, உடனே வரணும்."

தம்பி மகள் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அது. அதில் எங்கே ஊசி குத்துவார்கள் என்று தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஆட்டோவில் திரும்பும்போது, "ஒரு வாரம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரத்தின் மூன்றாம் நாள், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பதைக் கருவூலத்தில் நேரில் போய் நிரூபிக்க வேண்டியிருந்தது. பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை வரும் சடங்கு. போவதற்கு முன், பால் கலக்கும் முறையைப் பதினோரு வரியில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினேன். கை கழுவுவதில் தொடங்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பது வரை எல்லாம் இருந்தது. அவள் தையல் ஆறி நடமாட ஆரம்பித்திருந்தாள்.

கருவூலத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. என் விரல் ரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. உயிரோடு இருப்பது நிரூபணமாக மாலை நான்கு மணி ஆயிற்று. வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்தும் சத்தமே இல்லை. பயந்துபோய் உள்ளே ஓடினேன். குழந்தை கூடத்தில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் பகலில் தலை வாரி நான் பார்த்தது அன்றுதான்.

"கக்கினாளா?"

"லேசா. நோட்டுல எழுதியிருக்கேன்."

இரண்டு வேளை. இரண்டிலும் 'சிறிது'. பக்கத்தில் அவள் கையொப்பம். மஞ்சள் மூடி ஒத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது என்று மகிழ்ந்துபோய், அடுத்த வேளையை நானே கலக்கினேன். புடவை மாற்ற வேண்டியதாயிற்று.

மறுநாளும் அதற்கடுத்த நாளும், "உங்களுக்கு இடுப்பு வலி, இந்த வேளையை நான் பண்றேன்" என்று அவள் அடிக்கடி முந்திக்கொண்டாள். எனக்கு இடுப்பு வலி கிடையாது. அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். என்னை வைத்து அவள் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வேளை அவள், ஒரு வேளை நான். வேறு எதையும் மாற்றவில்லை: அதே டப்பா, அதே பாட்டில், அதே தண்ணீர்.

ஆறாம் நாள் மத்தியானம், அவள் கணவனும் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தான். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, நோட்டையும் மஞ்சள் மூடி டப்பாவையும் சமையலறை எலக்ட்ரானிக் தராசையும் வரிசையாக வைத்திருந்தாள். பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. முப்பத்தொரு வருடம் எத்தனையோ கடைகளில் நான் வைத்த மேஜை அது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

"அத்தை, கோபப்படக் கூடாது. ஒரு ஸ்கூப் எடுங்கோ. உங்க வழக்கப்படி."

எடுத்தேன். தட்டினேன், அமுக்கினேன், நிரப்பினேன், வழித்தேன். அவள் அதை வாங்கித் தராசில் ஒரு கிண்ணத்தில் கொட்டினாள். எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு அதே ஸ்கூப்பில் தான் எடுத்தாள். தட்டவில்லை, அமுக்கவில்லை. அள்ளினாள், கத்தியால் வழித்தாள், கொட்டினாள்.

என் ஸ்கூப்பில் கால் பங்குக்கும் மேலே கூடுதல் இருந்தது.

"மூணு தடவை எடுத்துச் சராசரி பார்க்கணும்" என்றேன்.

"உங்களை மாதிரியே தட்டி அமுக்கி அஞ்சு தடவை எடை பார்த்தாச்சு அத்தை. கார்த்தால நீங்க கலக்கினப்போ பின்னாடியே நின்னு பார்த்தேன். ஏன் தட்டறேள்? காபி ஃபில்டருக்குப் பொடி அமுக்கற மாதிரின்னா அமுக்கறேள்!"

ஏன் தட்டினேன்? யோசித்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உலர்ந்த சரக்கை அளக்கும்போது வியாபாரி மெதுவாகத் தூவுவான். மாவோ ரவையோ காற்றோடு கலந்து நின்று, படி நிறைந்துவிட்டதாகத் தெரியும். நான் அந்தப் படியை வாங்கி இரண்டு தட்டுத் தட்டுவேன். சரக்கு விரலளவு இறங்கும், வியாபாரியின் முகமும் அதே அளவு இறங்கும். இரண்டு தட்டில் உண்மை வெளியே வரும் என்று நம்பி வேலை பார்த்தவள் நான். குறைத்து அளப்பது குற்றம். கூடுதலாக அளந்த ஒருவனையும் என் சர்வீஸில் நான் சந்தித்ததில்லை. அதனால் அதிலும் கேடு இருக்க முடியும் என்று என் கைக்குத் தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டிய பதினோரு வரியில் தட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூச்சு விடவும் என்று யாராவது நடைமுறையில் எழுதுவார்களா?

அவள் நோட்டை என் பக்கம் திருப்பினாள். வயிறு உப்பியது, கக்கியது, கல் போல வெளிக்குப் போனது என்று எழுதிய இடங்களில் எல்லாம் கடைசிப் பத்தியில் ஒரே கையொப்பம். அழகான கையொப்பம். ஆயிரக்கணக்கான சான்றிதழ்களில் நான் போட்டது. நீல மூடி, பச்சை மூடி, மஞ்சள் மூடி, மூன்றும் நிரபராதிகள்.

"பிள்ளைக்குத் தாகம், அத்தை" என்றாள் மெதுவாக. "கெட்டியா உள்ள போயிருக்கு. தண்ணி போதல்லே. அதான் நாப்கின் குறைஞ்சிருக்கு. தாகத்துல அழுதா, நாம பசின்னு இன்னும் குடுத்திருக்கோம்."

அப்போது எனக்குக் கண் நிறைந்தது உண்மை. குழந்தையைப் பார்க்க முடியவில்லை. இந்த மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்: சிலர் சத்தம் போடுவார்கள், சிலர் தராசைக் குறை சொல்வார்கள். நான் அந்த இரண்டையும் செய்யவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அவள் கணவன் டப்பாவை மஞ்சள் மூடியால் மூடி ஓரமாக நகர்த்தினான். "எங்க யார்டுல பாரம் கூடிப்போச்சுன்னா கிரேன் தானா நின்னுரும், அத்தை. பிள்ளைக்கு அந்த வசதி இல்லல்லா. அதான் கக்கி வச்சிருக்கா. விடுங்க, இதுக்குப் போய் வருத்தப்படுதீங்களே."

"நீங்க சும்மா இருங்கோ" என்று அவனை அதட்டிவிட்டு, அவள் என்னைப் பார்த்தாள். "மெமோ குடுக்கட்டுமா அத்தை?"

"குடு" என்றேன். "எழுத்து மூலமா விளக்கம் தரேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் தையல் இருந்த இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அது உறைத்தது. நான் வெட்கப்பட வேண்டிய நேரத்தில் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லாமல், நாலு நாள் தரவு சேர்த்து, மற்றது எதையும் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, ஐந்து முறை எடை போட்டு, அதன் பிறகே குற்றம் சாட்டுகிறாள். அதுவும் தன்னை வளர்த்தவளை. என் துறையில் இப்படி ஓர் ஆய்வாளர் எனக்குக் கீழே வேலை பார்க்கவில்லையே என்று இருந்தது.

அன்று முதல் ஸ்கூப் அவள் கைக்குப் போனது. என்னிடம் பாட்டில் கழுவும் வேலை தரப்பட்டது. இரண்டு நாளில் நாப்கின்கள் முன்போல நனைந்தன. மூன்றாம் நாள் வெளிக்கு இளக்கமாகப் போனாள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்து மகிழ்ந்தோம். வயிற்று உப்புசம் போய், சாயங்காலங்களில் எங்களுக்குப் பேச நேரம் கிடைத்தது.

ஒரு வாரம் என்று சொன்ன மருத்துவரிடம், விஷயம் தெரிந்த மறுநாளே போனோம். நானே எழுந்து நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தட்டியதை நடித்தும் காட்டினேன். அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முகம் மாறியது.

"அம்மே, சிரிக்கற காரியம் இல்லே. இத்தனை கெட்டியாத் தொடர்ந்து போயிருந்தா கிட்னிக்குக் கஷ்டம். நல்ல நேரத்துல தெரிஞ்சுது. எத்தனை ஸ்கூப்னு கேட்டேன், எப்படி எடுப்பீங்கன்னு நான் கேட்கல்லே. இனி எல்லாரையும் கேட்பேன்." குழந்தையை முழுவதும் பரிசோதித்துவிட்டு, சந்தேகத்துக்கு ஒரு சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் எழுதினார். அது சரியாக இருந்தது. அட்மிஷன் வேண்டாம், ஊசி வேண்டாம், ஸ்கான் வேண்டாம். அடுத்த டப்பா நீல மூடியாகவே இருக்கட்டும் என்றார். "உட்கார ஆரம்பிக்கற வரைக்கும் கொஞ்சம் கக்கத்தான் செய்யும். அது டாக்டர் பார்க்கற விஷயம் இல்லே, துணி துவைக்கறவங்க பார்க்கற விஷயம். சரி, யாரு கண்டுபிடிச்சது?"

தம்பி மகள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "குழந்தையோட அம்மா."

மருத்துவர் அவளைப் பார்த்து, "நல்ல அம்மா" என்றார். அவர் தினமும் பத்து பேரிடம் சொல்லும் வார்த்தையாக இருக்கலாம். இவள் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, குழந்தையின் சட்டையில் ஏற்கெனவே சரியாக இருந்த பொத்தானைச் சரி செய்தாள். ஆட்டோவில் வீடு வரும் வரை அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இப்போது ஊசிக்கு இடம் தேடவில்லை.

இத்தோடு கோப்பை மூடியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. மூன்று டப்பாவையும் எடுத்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் படித்தேன். 'சமதளமாக ஒரு ஸ்கூப்' என்று மூன்றிலும் இருந்தது. கெட்டியாகக் கலக்கினால் கேடு என்றும் பொதுவாக இருந்தது. ஆனால் தட்டாதே, அமுக்காதே என்று மூன்றிலும் ஒரு வார்த்தை இல்லை. என் பதினோரு வரியில் இல்லாத அதே வார்த்தை. வீட்டில் காபிப் பொடியை அமுக்கி அமுக்கியே வாழ்ந்த ஊர் இது. என்னைப் போல எத்தனை கைகள் இருக்கும்?

நீல மூடி கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். புகார் அல்ல, யோசனை. பொருளில் குறையில்லை, விளக்கத்தில் ஒரு வரி குறைகிறது என்று தொடங்கி, நடந்ததைச் சொல்லி, சேர்க்க வேண்டிய வரியையும் எழுதிக் கொடுத்தேன்: 'மாவைத் தளர்வாக அள்ளவும், தட்டவோ அமுக்கவோ வேண்டாம்.' பக்கத்தில் ஒரு சின்னக் கோட்டுப் படம் போடலாம் என்றும் சொன்னேன். ஸ்கூப், கத்தி, அவ்வளவுதான். குழந்தைப் படம் கூடாது என்பதை நினைவூட்டினேன்.

"கையெழுத்து நீங்க போடுங்கோ" என்றாள் தம்பி மகள்.

"கண்டுபிடிச்சது நீ."

"எழுதினது நீங்க."

"என் சர்வீஸ் பூரா நான் கண்டுபிடிச்சதுக்கெல்லாம் மேலதிகாரி கையெழுத்துப் போட்டுண்டார். அந்தப் பாவத்தை நான் பண்ண மாட்டேன். போடு."

போட்டாள். அனுப்பினோம். மறுநாள் கம்பெனியின் கணினியிலிருந்து, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று வந்தது. முக்கியமான எதையும் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாதம் கழித்து முதல் நினைவூட்டல், அதற்கடுத்த மாதம் இரண்டாவது நினைவூட்டல், பார்வை எண்ணோடு. அவள் கணவன் ஒவ்வொரு தடவையும், "அவனுக்கு வேற சோலி இல்லையா அத்தை? இதுக்குப் போய் எவன் பதில் போடுவான்?" என்பான். நான் அவனுக்குப் பதில் போடவில்லை. குழந்தை இதற்குள் கவிழப் பழகி, கவிழ்ந்த இடத்திலிருந்து மீளத் தெரியாமல் கத்த ஆரம்பித்திருந்தாள். கக்குவது மிகவும் குறைந்துவிட்டது. என் தோள்கள் மட்டும் நம்பாமல் துண்டு போட்டுக்கொண்டிருந்தன.

பதில் தபாலில் வந்தது. உறையில் தம்பி மகளின் பெயர். வேலைக்குத் திரும்பியிருந்த அவள், அன்று விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள். நின்றுகொண்டே பிரித்தாள். இரண்டே பத்தி. யோசனை ஏற்கப்பட்டது, அடுத்த அச்சிலிருந்து லேபிளில் அந்த வரியும் படமும் சேரும், தாயாகிய தங்களுடைய கூர்மையான கவனிப்புக்கு நன்றி என்று இருந்தது.

"நம்ம வரியை அப்படியே எடுத்துண்டிருக்கா, அத்தை" என்றாள். குழந்தையைத் தூக்கி அந்தக் காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். "பாருடீ, உன்னாலதான்."

ஒரு கம்பெனி, தன் லேபிளில், எங்கள் வீட்டு மேஜையில் நடந்த ஒன்றை அச்சிடப் போகிறது. நான் பிடித்த தராசுகள் எதற்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் கடிதத்தை ஒட்டி, அதன் கீழே கோடு போட்டுக் கையொப்பத்துக்காக அவளிடம் நீட்டினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே போட்டாள். பதில் பெறப்பட்ட தேதியை மட்டும் நான் எழுதினேன்: ஆவணி ஒன்று.